விருந்தினர்க்கு வழியும் சொல்லுவோம்

ஒரு மொழியைக் கற்றுத் தேர்ந்தவர் என்று ஒருவரை எப்பொழுது சொல்லலாம்? பிழையின்றி எழுதத் தெரிவது ஒரு நிலை. நூல்களைப் படித்துப் பொருள் உணர்வது மற்றொரு நிலை. இவ்விரண்டிலும் தேறிய ஒருவர், அறியாத ஓர் ஊரில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே, எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தாத இரண்டு தேர்வுகளுக்கு உட்பட நேர்கிறது. ‘எங்கள் வீட்டுக்கு வாருங்கள்’ என்று ஒருவர் அழைக்கும்பொழுது நடப்பது முதல் தேர்வு. அந்த வீட்டுக்குச் செல்லும் வழியில் சாலையைக் கடக்கும்பொழுது நடப்பது இரண்டாம் தேர்வு. முன்னதில் தவறினால் ஒரு நட்புக் கைநழுவும். பின்னதில் தவறினால் உயிரே கைநழுவும்.

இத்தகைய தேர்வுகள் நாள்தோறும் நடைபெறுகின்ற ஊர் மைசூர். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர் பயில்கின்றனர். 1969-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் இவ்வூரில்தான் இருக்கிறது. அதனைச் சார்ந்த தென்மண்டல மொழி மையத்தில், பிற மாநில ஆசிரியர்கள் பல மாதங்கள் தங்கித் தென்னாட்டு மொழிகளைக் கற்பது நெடுநாளைய வழக்கம். கோகுலம் பகுதிக்கு யோகம் பயில வருகின்ற வெளிநாட்டினருள் சீனரும் உளர். வெளிநாட்டிலிருந்து வருகின்ற இவர்களுக்கெல்லாம் கடைத்தெருவில் முதலில் கைகொடுக்கும் மொழி ஆங்கிலமே.

இன்றைய பேச்சில் சீன மாணவரை முன்னிறுத்திச் சில சொல்ல விரும்புகிறோம். உபசாரத்தில் சீனர்க்கும் நமக்கும் ஒற்றுமை மிகுதி. சாலை விதியிலோ வேற்றுமை மிகுதி. ஆயினும் இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்பொழுது, அந்த ஒற்றுமையும் தெரியாமற் போகிறது. அந்த வேற்றுமையும் தெரியாமற் போகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோர்க்கு இது வியப்பன்று. இடையில் நிற்கும் மொழி, இரு கரையையும் காட்டும் பாலமாகவும் இருக்கலாம். இரு கரையையும் மறைக்கும் திரையாகவும் இருக்கலாம்.

சீன நாட்டில் ஆங்கிலம் கற்போர் தொகை மிகப் பெரிது. 1977-இல் கல்லூரி நுழைவுத் தேர்வு மீண்டும் நடைமுறைக்கு வந்த பிறகு ஆங்கிலக் கல்வி அங்கு விரைந்து பரவியது. 1982-இல் பி.பி.சி. நிறுவனத்தின் ‘ஃபாலோ மீ’ என்னும் ஆங்கிலப் பாடத் தொடர் சீனத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிப் பல இலட்சம் வீடுகளை எட்டியது. ஆயினும் அந்நாட்டினர் தம் ஆங்கிலத்தைப் பற்றித் தாமே வழங்கும் ஒரு சொல் உண்டு. அது ‘ஊமை ஆங்கிலம்’ என்பது. கண்ணால் படிக்கும், கையால் எழுதும், ஆனால் வாய் திறவாத ஆங்கிலம் என்று பொருள். இக்குறை நீங்குவதற்காகவே பூங்காக்களிலும் கல்லூரி வெளிகளிலும் மாணவர்கள் கூடி ஆங்கிலத்திலேயே பேசிப் பழகுகின்றனர். அந்த இடத்துக்கு ‘ஆங்கில மூலை’ என்று பெயரிட்டிருக்கின்றனர். நம் நாட்டிலும் நூறு மதிப்பெண்ணுக்குத் தொண்ணூறு பெற்ற பிறகு, அஞ்சல் நிலையத்தில் ஒரு வாக்கியம் பேசத் தயங்குகிற மாணவர் இல்லையா? ஆகவே இது சீனர்க்கு மட்டும் உரிய குறை அன்று.

முதலில் அழைப்பைப் பார்ப்போம்.

‘ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாருங்கள்’ என்று நாம் சொல்லுகிறோம். இதனை ஆங்கிலத்திலும் அப்படியே சொல்லிவிடுகிறோம். இது மெய்யான அழைப்பா, விடைபெறும்பொழுது சொல்லும் நல்வார்த்தையா என்பது நமக்குக் குரலிலேயே விளங்கும். புதியவர்க்கு விளங்குவதில்லை. ஒரு மாணவர் இதனை மெய்யென்று கொண்டு மறுநாளே கதவைத் தட்டலாம். மற்றொருவர் வெறும் வார்த்தையென்று கொண்டு, உண்மையாகவே அழைத்த வீட்டுக்குப் போகாமலே இருந்துவிடலாம். முன்னவர்க்கு நேர்வது சிறிது நேர நாணம். பின்னவர்க்கு நேர்வது அதனினும் கொடிது. ஊரெல்லாம் விளக்கேற்றிய நாளில், அறையில் அவர் தனியே அமர்ந்திருப்பார். அழைத்த வீட்டாரோ, ‘வருவார் என்று பார்த்தோம், வரவில்லையே’ என்று வருந்தியிருப்பார்கள்.

இதற்கு ஆங்கில வழக்கில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. நாளும் மணியும் இடமும் சொல்லப்பட்டால் அது அழைப்பு. இம்மூன்றும் இல்லையேல் அது பெரும்பாலும் நல்வார்த்தை. மாணவர் இதனைக் கற்றுக்கொள்வது நன்று. ஆனால் மைசூரில் இந்த அளவுகோல் ஓரிடத்தில் பிழைத்துவிடும். தசராக் காலத்தில் இங்கு வீடுதோறும் பொம்மைக் கொலு வைக்கின்றனர். ‘கொலுவுக்கு வாருங்கள்’ என்று சொல்வோர் நாளைக் குறிப்பதில்லை, மணியைக் குறிப்பதில்லை. எனினும் அது உண்மையான அழைப்பு. ஒன்பது நாளில் எந்த மாலை போனாலும் வரவேற்பு உண்டு. ஆகவே அளவுகோலைக் கற்பிப்பதோடு, ஐயம் நேர்ந்தால் கேட்பதற்குரிய வாக்கியத்தையும் கற்பித்தல் வேண்டும். ‘தங்கள் அழைப்புக்கு நன்றி. எந்த நாள் வந்தால் தங்களுக்கு வசதியாக இருக்கும்?’ இந்த ஒரு வினாவை ஆங்கிலத்தில் இனிமையாகக் கேட்கப் பழகிய மாணவர்க்குப் பாதிச் சங்கடம் தீர்ந்தது.

அச்சிட்ட அழைப்பிதழ் கைக்கு வந்தால் வேறு வகையான மயக்கம் உண்டாகிறது. ‘சுற்றமும் நட்பும் சூழ வருக’ என்று நாம் அச்சிடுகிறோம். அதன் ஆங்கில வடிவத்தைப் படிக்கும் மாணவர், ஊரிலுள்ள தாய் தந்தையரையும் அழைத்து வரவேண்டுமோ என்று திகைப்பார். முகூர்த்தம் விடியற்காலையில் குறிக்கப்பட்டிருக்கும்; வரவேற்பு மாலையில் இருக்கும். இரண்டுக்கும் போகவேண்டுமா, ஒன்றுக்குப் போனால் போதுமா? அழைத்தவரே இதனைச் சொல்லிவிடுவது பெருந்தன்மை. ஆங்கில அழைப்பின் அடியில் வரும் ஆர்.எஸ்.வி.பி. என்ற எழுத்துக்கள் பிரெஞ்சு மொழியைச் சேர்ந்தவை. வருவதையோ வர இயலாமையையோ தெரிவிக்குமாறு வேண்டுபவை. அவற்றைக் கண்டால் மறுமொழி அனுப்புவது கடமை. நம் திருமண அழைப்புக்கு அவ்வாறு யாரும் மறுமொழி அனுப்புவதில்லை.

இனி, உபசாரத்தில் உள்ள ஒற்றுமையைக் காண்போம். ‘சாப்பிட்டாயிற்றா?’ என்று கேட்பது நமக்கு நலம் விசாரிக்கும் முறை. கன்னடத்தில் ‘ஊட்ட ஆய்தா?’ என்பர். சீனத்திலும் அதே வினாவே நெடுங்காலமாக வணக்கத்துக்கு ஈடாக வழங்கி வந்திருக்கிறது. மூன்று மொழியினரும் ஒருவர் வயிற்றை விசாரித்தே அவர் நலத்தை அறிகின்றனர். ஆனால் இந்த வினாவை ஆங்கிலத்தில் கேட்டால், இலண்டன் நகரத்தவர் அதனை விருந்துக்கு அழைக்கும் முன்னுரையாகக் கொள்ளக்கூடும். மைசூரில் ஒரு கன்னடப் பெரியவர் சீன மாணவரைப் பார்த்து ஆங்கிலத்தில் இவ்வாறு கேட்டால், அந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் தம் தாய்மொழியின் வணக்கமே ஒளிந்திருக்கிறது என்பதை மாணவர் உணர்ந்தால் போதும், மனம் குளிர்ந்துவிடும்.

மறுத்தலிலும் அவ்வாறே. பழைய சீன மரபில் விருந்தினர் முதல் உபசாரத்தை உடனே ஏற்பதில்லை. ஓரிரு முறை மறுத்த பிறகே ஏற்பது பண்பு. நம் வீடுகளிலும் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்பது மறுப்பு அன்று. மீண்டும் ஒரு முறை சொல்லுங்கள் என்னும் வேண்டுகோளே. ஆங்கில வழக்கிலோ ‘நோ, தாங்க் யூ’ என்றால் பேச்சு முடிந்தது. காப்பிப் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும். சீன மாணவர் மைசூர் வீட்டில் அந்த ஆங்கிலச் சொல்லை உண்மையாகவே மறுக்கும் கருத்தில் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு அம்மையார் அதனை உபசார மறுப்பென்று கொண்டு மேலும் இரண்டு தோசை இடுவார். இங்கே சொல்லுக்கு மேல் ஒரு செயல் தேவை. இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி, ‘வயிறு நிறைந்தது, மிக நன்றாக இருந்தது’ என்று சொல்ல வேண்டும். காரணத்தோடு கூடிய மறுப்பு எந்த நாட்டிலும் மனத்தைப் புண்படுத்துவதில்லை.

பரிசுப் பொருளைப் பற்றியும் ஒரு சொல். நம் திருமணங்களில் சுவர்க் கடிகாரம் வழக்கமான அன்பளிப்பு. சீனர்க்கு அதனைக் கொடுத்தல் ஆகாது. கடிகாரம் கொடுப்பதைக் குறிக்கும் சீனத் தொடரும், இறப்பவர்க்கு இறுதிக்கடன் செய்வதைக் குறிக்கும் தொடரும் ஒலியால் ஒன்றாகவே இருக்கின்றன. கொடுத்தவர் மனத்தில் அன்பு மட்டுமே இருக்கும். பெற்றவர் காதில் சாவு ஒலிக்கும். இத்தகைய செய்தியை இரு சாராரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறிவதே நல்ல உரையாடற் பயிற்சி.

இதுவரை சொல்லியவை நட்பைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது, நட்பையும் உயிரையும் ஒருங்கே தொடும் ஒரு சிறு சொல்லைப் பற்றியது. ஆங்கிலத்தில் ‘எஸ்’ என்பதே அச்சொல்.

‘நீங்கள் நாளை வரவில்லையா?’ என்று ஒருவர் கேட்கிறார். வராதவர் தமிழில் ‘ஆமாம், வரவில்லை’ என்பார். சீனரும் தம் மொழியில் அவ்வாறே விடை சொல்லுவர். கேட்டவர் கூறியது உண்மை என்று ஒப்புக்கொள்வது இந்த விடை. ஆங்கில இலக்கணம் அவ்வாறு கொள்வதில்லை. வராதவர் ‘நோ’ என்றே தொடங்கவேண்டும். சீன மாணவர் தம் வழக்கப்படி ‘எஸ்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், கேட்டவர் அவர் வருவதாகவே கொண்டு இலை போட்டுக் காத்திருப்பார்.

இதே சொல் சாலையோரத்தில் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இருவர் கடக்க நிற்கின்றனர். ஒருவர் மரத்தின் மறைவில் நிற்பதால் வருகிற வண்டி அவருக்குத் தெரியவில்லை. ‘வண்டி ஒன்றும் வரவில்லையே?’ என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். மற்றவர் ‘எஸ்’ என்கிறார். வருகிறது என்று பொருளா, வரவில்லை என்று பொருளா? இருவர் மொழியும் வேறாக இருந்தால், அந்த ஒரு சொல்லில் இரண்டு பொருளும் இருக்கின்றன. வீட்டில் இந்த மயக்கத்துக்கு ஈடு ஓர் இலைச் சோறு. சாலையில் ஈடு கட்டவே முடியாது. ஆதலால் சாலையில் எதிர்மறை வினா கூடவே கூடாது. விடையும் ஒற்றைச் சொல்லாக இருத்தல் கூடாது. ‘வலப்புறம் பேருந்து வருகிறது, நில்லுங்கள்’ என்று செய்தியை முழுமையாகச் சொல்லப் பழக வேண்டும். நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் அசைத்து உடன்பாட்டைத் தெரிவிப்பது வழக்கம். வெளிநாட்டினர் பலர் அதனை மறுப்பு என்று கொள்வர். ஆதலால் தலையசைப்பையும் சாலையில் நம்பவேண்டாம்.

இனிச் சாலையின் வேற்றுமைக்கு வருவோம். சீனத்தில் 1946-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி வண்டிகள் சாலையின் வலப்புறமாகச் செல்கின்றன. நம் நாட்டில் இடப்புறமாகச் செல்கின்றன. இதனால் சீன மாணவர் சாலையில் கால் வைக்கும்பொழுது அவர் கண் தானாகவே முதலில் இடப்பக்கம் திரும்பும். இங்கு அருகில் வருகிற வண்டி வலப்பக்கத்திலிருந்து வரும். புத்தகத்தில் இவ்வேற்றுமையைப் படித்து அறிவது எளிது. கழுத்து அறிந்துகொள்வதுதான் அரிது.

மொழி அறிவு மட்டும் இங்கே காவாது என்பதற்குப் பெரிய மனிதர் ஒருவரே சான்று. 1931-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வின்ஸ்டன் சர்ச்சில் நியூயார்க் நகரில் ஒரு வாடகை வண்டியிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தார். தம் நாட்டுப் பழக்கப்படி தவறான திசையில் பார்த்தார். கார் ஒன்று மோதி வீழ்த்தியது. மருத்துவமனையில் கிடந்து உயிர் தப்பினார். அவருடைய ஆங்கிலத்தில் குறை சொல்வார் யாருமில்லை. 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஸ்வீடன் நாடு இடப்புற வழக்கத்தை விட்டு வலப்புறத்துக்கு மாறியபொழுது, மக்களைப் பயிற்றுவதற்கு அரசு நெடுநாள் முன்பிருந்தே பெரும்பிரசாரம் செய்தது. ஒரு நாடு முழுவதும் பயிற்சி பெற வேண்டியிருந்த ஒன்றை, ஒரு மாணவர் விமானத்திலிருந்து இறங்கியவுடன் தனியே கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் அன்று.

இதற்கு நாம் கூறும் பயிற்சி எளிது. ஆசிரியர் மாணவரைச் சாலையோர நடைபாதைக்கு அழைத்துச் செல்லட்டும். ‘வலம் பார், இடம் பார், மீண்டும் வலம் பார்’ என்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, சொல்லுக்கேற்பத் தலையைத் திருப்பச் செய்யட்டும். இலண்டனில் வெளிநாட்டினர்க்காகவே கடக்கும் இடங்களில் ‘வலப்புறம் பார்’ என்று தரையில் எழுதிவைத்திருக்கின்றனர். இங்கே அந்த எழுத்து மாணவர் நாவில் இருத்தல் வேண்டும். இன்னும் ஒன்று: நம் சாலைகளில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும் உண்டு. வெள்ளைக் கோடுகளின்மேல் நடந்தால் வண்டிகள் நிற்கும் என்று நம்பி இறங்குவதும் தகாது. வண்டி நின்றதைக் கண்டபின் நடப்பதே அறிவுடைமை.

சொற்களிலும் கண்ணிகள் உள்ளன. ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்பது வலப்பக்கத்தையும் குறிக்கும். ‘சரி’ என்பதையும் குறிக்கும். நம் பேருந்து நடத்துநரோ ‘ரைட், ரைட்’ என்றால் வண்டி புறப்படலாம் என்று பொருள். ஒரே சொல்லுக்கு மூன்று வேலை. ‘இடப்பக்கம் திரும்பவா?’ என்று ஆங்கிலத்தில் கேட்பவர்க்கு ‘ரைட்’ என்று விடையளித்தால் அவர் எப்பக்கம் திரும்புவார்? வழி சொல்லும்பொழுது ‘கரெக்ட்’ என்று சொல்லிவிட்டால் இக்குழப்பம் இல்லை.

‘பேவ்மென்ட்’ என்ற சொல்லையும் நோக்குக. பிரிட்டனில் அது நடைபாதை. அமெரிக்காவில் அது வண்டி ஓடும் தளம். அமெரிக்க ஆங்கிலம் பயின்ற மாணவரிடம் ‘பேவ்மென்டிலேயே செல்க’ என்றால், அவர் சாலைக்கு நடுவே இறங்கக்கூடும். நம் ஊரில் வழங்கும் ‘ஃபுட்பாத்’ என்பதையே கற்பிக்கலாம். ‘லுக் அவுட்’ என்பது வெளியே எட்டிப் பார் என்பதன்று. ஆபத்து, விலகு என்பது. அது காதில் விழும் நொடியில் அகராதியைப் புரட்ட நேரம் இராது. இதுபோன்ற கூவல்களைச் செவிக்குப் பழக்குவதே முறை. செவிவழிக் கல்விக்கு வானொலியைப் போன்ற ஆசிரியர் யார்? 1935-இல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயர் வழங்கிய ஊர் மைசூர். முகம் தெரியாத குரலைக் கேட்டுப் பொருள் கொள்ளும் பழக்கம், பின்னாலிருந்து எச்சரிக்கும் குரலைக் கேட்டு விலகுவதற்கும் உதவும்.

முகவரியும் ஒரு பாடமே. மைசூரில் ஒரு வீட்டைக் குறிக்கும்பொழுது ‘இரண்டாம் மெயின், மூன்றாம் கிராஸ்’ என்பர். மெயின் என்பது நீண்ட தெரு; கிராஸ் என்பது அதனைக் குறுக்கே வெட்டும் தெரு. இதனை அறியாத மாணவர், மூன்று முறை சாலையைக் கடக்கவேண்டும் என்று பொருள் கொண்டால் அவர்மேல் பிழையில்லை. அகராதி அவ்வாறுதான் சொல்லுகிறது. ‘சர்க்கிள்’ என்பது இங்கு நாற்சந்தி. கே.ஆர். சர்க்கிளில் நிற்கிறேன் என்றால், வட்டமான ஒரு பொருளுக்குள் நிற்கிறேன் என்பதன்று. ஆதலால் அழைப்பவர் முகவரியை எழுதிக் கொடுப்பதோடு நில்லாமல், எந்த நிறுத்தத்தில் இறங்குவது, சாலையை எங்கே கடப்பது, எந்தக் கோயிலை அல்லது கடையை அடையாளமாகக் கொள்வது என்பவற்றையும் சொல்லுதல் வேண்டும்.

இங்கே நம் பேச்சின் மையக் கருத்துக்கு வந்துவிட்டோம். அழைப்பும் சாலையும் இரண்டு பாடங்கள் அல்ல. ஒருவரை வீட்டுக்கு அழைக்கும்பொழுதே, அவர் வரும் வழிக்கும் திரும்பும் வழிக்கும் நாம் ஒரு பங்கு பொறுப்பை ஏற்கிறோம். விருந்தோம்பல் வாசற்படியில் தொடங்குவதும் அன்று. வாசற்படியில் முடிவதும் அன்று.

இது மிகைப்படுத்திய பேச்சு அன்று. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தனர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். இத்தொகையில் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவரே மிகுதி. இச்சாலைகளை அறிந்தவர்க்கே இந்நிலை என்றால், அறியாதவர்க்கு நாம் எத்துணைக் கவனம் காட்டவேண்டும்!

விருந்தினரை இருசக்கர வண்டியில் அழைத்து வருவோர் இரண்டாவது தலைக்கவசம் ஒன்றையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, பின்னால் அமர்பவர்க்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மறுக்க நாணி வெறுந்தலையோடு ஏறிக்கொள்ளும் மாணவர் பலர். அவர்க்கு, ‘தலைக்கவசம் இருந்தால் வருகிறேன், இல்லையேல் பேருந்தில் வருகிறேன்’ என்று புன்னகையோடு சொல்லும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கற்பிக்க வேண்டும். உபசாரத்தை மறுக்கும் பயிற்சி உயிரைக் காக்கும் பயிற்சியாகவும் ஆவது இங்கேதான்.

அபாயம் நேர்ந்துவிட்டால் யாரை அழைப்பது? சீனத்தில் மருத்துவ ஊர்திக்கு 120, காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கு 119. பதற்றத்தில் விரல் பழைய எண்ணையே நாடும். இந்தியாவில் எல்லா உதவிக்கும் 112. கர்நாடகத்தில் மருத்துவ ஊர்திக்கு 108 என்ற எண்ணும் உண்டு. எண்ணை மனப்பாடம் செய்வதோடு, பேசவேண்டிய மூன்று வாக்கியங்களையும் மனப்பாடம் செய்தல் வேண்டும். எந்த இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர் காயமுற்றனர். இடத்தை முதலில் சொல்லுக. தொடர்பு நடுவே அறுந்தாலும், உதவி புறப்படுவதற்கு அது ஒன்று போதும். அருகில் நிற்கும் ஊர்க்காரரிடம் தொலைபேசியைக் கொடுத்து, ‘இந்த இடத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும் வாக்கியமும் பயன்படும். உதவ முன்வருவோர் அஞ்சவேண்டுவதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதே சட்டத்தில் சேர்ந்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவர்க்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உரையாடற் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். ‘நீங்கள் வருவீர்களா?’ ‘மகிழ்ச்சியோடு வருவேன்’ என்பதோடு பல பாடங்கள் முடிந்துவிடுகின்றன. அதற்கு மேல்தான் வாழ்க்கை தொடங்குகிறது. ஒரு மாணவர் அழைக்கட்டும். மற்றவர் நாளையும் மணியையும் கேட்டு உறுதி செய்யட்டும். முன்னவர் வழி சொல்லட்டும். பின்னவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு இருவரும் அவ்வழியே உண்மையாகவே நடந்து போகட்டும். அவ்வாறு நடந்து பார்த்த வாக்கியம் மறப்பதில்லை.

பிற நாட்டினரோடு பழகும் குடும்பங்களும் ஆசிரியரே. மைசூரில் வாழும் தமிழர்களுக்கு, வேற்று மொழி வழங்கும் ஊரில் முதன்முதலாக வழி கேட்டு நின்ற அனுபவம் குடும்பத்தில் யாரேனும் ஒருவர்க்கு இருந்தே தீரும். அந்த நினைவே போதும். சீன மாணவரிடம் மெதுவாகப் பேசுங்கள், உரத்துப் பேசவேண்டுவதில்லை. அவர்களுடைய வசந்த விழா, நம் பொங்கலையடுத்த வாரங்களில் வரும். அந்நாளில் ஊரைப் பிரிந்திருக்கும் மாணவரை நாளும் மணியும் குறித்து ஒரு வேளை உணவுக்கு அழையுங்கள். அவரும் மகிழ்வார், ஆங்கிலமும் வளரும்.

விருந்து முடிந்து அவர் விடைபெறும்பொழுது நாம் வழக்கமாகச் சொல்லும் சொல் என்ன? ‘பார்த்துப் போய் வாருங்கள்’ என்பது. கன்னடத்தில் ‘ஹோகி பன்னி’ என்பர். சீனத்தில் விருந்தினரை வழியனுப்பும்பொழுது வழங்கும் தொடர்க்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘மெல்ல நடந்து செல்லுங்கள்’ என்பது. இவற்றை ஆங்கிலத்தில் ‘குட் பை’ என்று மட்டும் பெயர்த்துவிட்டால் அந்த அக்கறை விடுபட்டுப் போகும். ஆகவே இன்னும் சில சொற்களைச் சேர்த்துச் சொல்லுவோம்: ‘வலப்பக்கம் முதலில் பாருங்கள். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் எங்களுக்குத் தெரிவியுங்கள்.’